முதல் எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்பும்: சென்னையில் 30,000 ரூபாய்க்குள் வாங்க ஒரு வழிகாட்டி

ஆசையாக வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் மூன்றே மாதத்தில் பீரோ மேல் ஏறிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கேட்டால் "நமக்குக் கை வரல" என்பார்கள். அந்தக் கிட்டாரை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தால் கையில் குறை இல்லை என்பது தெரியும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளிலிருந்து கம்பி எட்ட நிற்கும். அழுத்தினால் விரல் நுனி எரியும். பத்து நிமிஷம் வாசித்தால் சுருதி இறங்கிவிடும். ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்பைப் போட்டால் வாசிப்பதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். இப்படிப்பட்ட கருவியில் கைதேர்ந்தவர்களே சிரமப்படுவார்கள்.

அதனால் முதல் கிட்டார் வாங்கும்போது இரண்டு விஷயங்களைத்தான் துரத்த வேண்டும். கிட்டார் சரியாகச் செட்டப் செய்யப்பட்டு, அதாவது கம்பி உயரம், கழுத்து, சுருதி எல்லாம் திருத்தப்பட்டு, அழுத்த இலகுவாக, சுருதி நிற்பதாக இருக்க வேண்டும். ஆம்ப், பக்கத்து ஃப்ளாட்டில் மதியத் தூக்கம் கலையாத சத்தத்திலும் காதுக்கு இனிமையாக ஒலிக்க வேண்டும். பிராண்ட், நிறம், மர வகை எல்லாம் அதற்கப்புறம்.

இன்னொரு தயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "முதலில் அகூஸ்டிக், அப்புறம்தான் எலக்ட்ரிக்" என்று சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய கம்பி வழக்கமாக 0.009 அல்லது 0.010 அங்குலம், ஸ்டீல் கம்பி அகூஸ்டிக்கில் பெரும்பாலும் 0.012. விரலுக்கு எது இலகு என்று சொல்லத் தேவையில்லை. எந்த இசை வாசிக்க ஆசையோ அதற்கான கருவியிலேயே தொடங்குங்கள்.

பணத்தைப் பிரிப்பது

கையில் 30,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டாருக்கு 16,000 முதல் 18,000, ஆம்ப்புக்கு 8,000 முதல் 9,000. மீதி 3,000 முதல் 6,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். கேபிள், டியூனர், ஸ்ட்ராப், பை, ஒரு செட் உபரிக் கம்பி, பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) எல்லாம் அதில்தான் வர வேண்டும். செட்டப் கூலியும் அதில்தான். கடைக்குப் போனதும் ஆசைப்பட்டு 27,000 ரூபாய்க் கிட்டாரை எடுத்துவிட்டு, மிச்சக் காசுக்குக் கிடைத்த ஆம்ப்பை மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எலக்ட்ரிக் கிட்டாரில் நீங்கள் கேட்கும் ஒலியில் பாதி ஆம்ப்பின் வேலை. நல்ல கிட்டாரை மோசமான ஆம்ப்பில் மாட்டினால் மோசமான கிட்டாராகவே கேட்கும்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஸ்டார்ட்டர் பேக் மலிவாகத் தெரியும். அதில் பெரும்பாலும் ஆம்ப்பும் கேபிளும்தான் பலவீனம். அந்தக் கிட்டார் தனியாகவும் கிடைத்தால் தனியாகவே வாங்குங்கள்.

எந்த மாதிரிக் கிட்டார்

உருவம் கண்ணுக்கு. கைக்குத் தெரிவது மூன்று விஷயங்கள்: கம்பியின் நீளம், பிக்கப், பிரிட்ஜ்.

கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு நட், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குவது பிரிட்ஜ். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளத்தை ஸ்கேல் என்பார்கள். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வழியில் செய்யப்படும் கிட்டார்களில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் வழியில் வருபவற்றில் 24.75 அங்குலம், 628 மி.மீ. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் ஒரே தடிமன் கம்பி மாட்டினால் நீளம் குறைந்ததில் இழுவிசை குறையும், ஃப்ரெட்டுகளும் சற்று நெருங்கி வரும். சின்னக் கைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லெஸ் பால் உருவம் பொதுவாக எடை கூடுதல் என்பதையும் நினைவில் வையுங்கள். நின்று வாசிக்கும்போது தோள் சொல்லிவிடும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கிட்டார் கம்பி அதிரும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. ஒரே சுருள் உள்ளது சிங்கிள் காயில்: தெளிவான, மணி அடித்தாற்போன்ற ஒலி. ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும் அது சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடித்துவிடுவது ஹம்பக்கர். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இதை உருவாக்கினார். ஒலி தடிப்பாக இருக்கும். ராக், மெட்டலில் கேட்கும் கரகரத்த ஒலியான டிஸ்டார்ஷனுக்கு ஏற்றது. சென்னை வீடுகளில் சுழற்றும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், பழைய ட்யூப்லைட் சோக், மொபைல் சார்ஜர் எல்லாமே சிங்கிள் காயிலை இரைய வைக்கும். என்ன பாணி வாசிக்கப் போகிறோம் என்று தெரியாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை, எச்.எஸ்.எஸ். எனப்படும் அமைப்பு: பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில். ஐந்து நிலைச் சுவிட்சில் இரண்டு உலகமும் கிடைக்கும்.

பிரிட்ஜில் ஒரு கண்டிப்பான அறிவுரை: ட்ரெமோலோ என்பது ஒரு கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்; முதல் கிட்டாரில் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பூட்டு ட்ரெமோலோ வேண்டாம். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். கம்பி மாற்ற அல்லன் கீயோடு ஒரு மணி நேரம் போராட வேண்டும். அசையாத பிரிட்ஜ் முதல் தேர்வு. ஆறு திருகில் நிற்கும் சாதாரண ட்ரெமோலோ இருந்தாலும் பரவாயில்லை. பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் இரண்டு திருகுகள் தெரியும். பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்காரும்வரை அவற்றை இறுக்கிவிட்டால் ஏறக்குறைய அசையாத பிரிட்ஜாகிவிடும், சுருதியும் நிற்கும்.

இந்த விலை வட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தேடத் தொடங்கக் கூடிய பெயர்கள்: யமஹா பசிஃபிகா 012, ஸ்குவையர் சோனிக் வரிசை, ஐபனெஸ் ஜியோ வரிசை, கார்ட் நிறுவனத்தின் தொடக்க நிலைக் கிட்டார்கள், எபிஃபோனின் லெஸ் பால் ஸ்பெஷல். ஸ்குவையர் ஃபெண்டரின் சொந்தப் பிராண்ட், எபிஃபோன் கிப்சனுடையது. இன்னும் கொஞ்சம் நீட்ட முடிந்தால் பசிஃபிகா 112 அந்தக் காசுக்குத் தகும். விலைகள் மாதத்துக்கு மாதம் நகர்கின்றன. இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிடுங்கள்.

உடல் எந்த மரம், பாப்லரா ஆல்டரா என்று இந்த விலையில் தலையைக் குடைந்துகொள்ள வேண்டாம். ஃப்ரெட்போர்டைப் பற்றி மட்டும் ஒரு செய்தி, நம் மண்ணோடு தொடர்புள்ளது என்பதற்காக. 'இந்தியன் ரோஸ்வுட்' என்று உலகமெங்கும் கிட்டார் அட்டவணைகளில் வருவது நம்முடைய ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோம், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்ததும் பல நிறுவனங்கள் லாரல் போன்ற வேறு மரங்களுக்கு மாறின; 2019 இறுதியில் முடிவடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ரோஸ்வுட் இல்லை என்பதற்காக ஒரு கிட்டாரை ஒதுக்காதீர்கள்.

கர்நாடக இசையை எலக்ட்ரிக்கில் வாசிக்க நினைப்பவர்கள் சென்னையில் குறைவில்லை. யு. ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினிலும் ஆர். பிரசன்னா கிட்டாரிலும் அந்த வழியைத் திறந்து காட்டியவர்கள். கமகத்துக்குக் கம்பியை இழுக்கவும் வழுக்கவும் வேண்டும். அவர்களுக்கு 0.009 கம்பி, தாழ்ந்த (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம் குறைந்த) ஆக்‌ஷன், சற்று உயரமான ஃப்ரெட் உள்ள கிட்டார் உதவும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல், 1842இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய கடை. அதுபோலக் கருவியை எடுத்துக் கையில் தரும் எந்தக் கடைக்கும் போகலாம். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே மாடலில் ஒவ்வொரு பீஸும் வேறு மாதிரி இருக்கும் விலை இது. முதல் கிட்டாரைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாள் காலையில் போனால் நிதானமாகப் பார்க்க விடுவார்கள்.

கார்டு ஒன்றுகூட வாசிக்கத் தெரியாதவரும் கீழே உள்ளதைச் செய்ய முடியும். முதலில் கடைக்காரரைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பிறகு கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் உயர்த்தி, உடல் பக்கத்திலிருந்து கழுத்தின் ஓரமாகப் பாருங்கள். கழுத்து மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்கலாம். முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு ஓரம் ஒரு பக்கமும் மறு ஓரம் இன்னொரு பக்கமும் சாய்ந்திருந்தால், வேண்டாம். குழிவைத் திருத்தலாம், முறுக்கைத் திருத்த முடியாது. கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட்டின் முனை கையைக் கீறினால் அது வேலை குறைந்த பீஸ்.

அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். ஆறு கம்பி, இருபத்தொன்றோ இருபத்திரண்டோ ஃப்ரெட். பத்து நிமிஷ வேலை. கூச்சப்படாதீர்கள், இது உங்கள் காசு. எங்காவது ஒலி 'டர்ர்' என்று உரசுகிறதா, சட்டென்று செத்துப்போகிறதா? எங்கே உரசுகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் உரசினால் கழுத்து அளவுக்கு மீறி நேராக இருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் தளர்த்தினால் சரியாகும். மேல் ஃப்ரெட்டுகள் எல்லாவற்றிலும் உரசினால் பிரிட்ஜில் கம்பி தாழ்ந்திருக்கிறது. பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டான சாடிலை ஏற்றினால் போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பீஸை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் உரசினால் நட்டின் பள்ளம் ஆழம். அதற்கு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

ஆக்‌ஷனை அளக்க ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் எடுத்துப் போங்கள். 17ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையில் 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் தரும் பொதுவான அளவு. தடித்த கம்பியில் 2 மி.மீ. வரை இருக்கலாம். மூன்று மி.மீ. இருந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு போகாதீர்கள். "அண்ணா, ஆக்‌ஷன் இறக்கி, இன்டொனேஷன் பார்த்துச் செட்டப் பண்ணித் தருவீங்களா?" என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பல கடைகளில் வாங்கும்போது சேர்த்தே செய்து தருவார்கள். பில் போட்ட பிறகு கேட்டால் அது தனிச் செலவாகிவிடும்.

இன்டொனேஷன் என்பது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக வருவது. கம்பியின் சரிபாதி 12ஆவது ஃப்ரெட். அங்கே கம்பியை அழுத்தாமல் மேலாகத் தொட்டு மீட்டினால் மெல்லிய ஹார்மோனிக் கேட்கும். அதை டியூனரில் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவர வேண்டும். திருகு எல்லைக்கே போய் முட்டியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

இனி ஆம்ப்பில் மாட்டுங்கள். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒலி வருகிறதா? வால்யூம், டோன் குமிழ்களை மெல்லத் திருப்பும்போது கரகரக்கிறதா? கேபிள் சொருகும் இடத்தை லேசாக அசைத்தால் ஒலி அறுகிறதா? கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு; தொட்டதும் கூடினால் வயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் பக்கவாட்டில் நான்கைந்து முறை நன்றாக இழுத்துவிட்டுச் சுருதியைப் பாருங்கள். புதுக் கம்பி சற்று இறங்கும். மறுபடி சேர்த்து மறுபடி இழுத்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் முறுக்காணியையோ நட்டையோ சந்தேகப்படுங்கள். முறுக்கும்போது நட்டில் 'டிங்' என்று சத்தம் வந்தால் கம்பி பள்ளத்தில் சிக்குகிறது. அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. சோதித்த பீஸையே வாங்குங்கள். "உள்ளே புதுப் பெட்டி இருக்கு, அதைத் தரேன் சார்" என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள்; ஆனால் நீங்கள் பத்து நிமிஷம் செலவழித்தது இந்தக் கழுத்தில். வேறு பெட்டி என்றால் அதையும் இதேபோல் பாருங்கள். சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். இடக்கைக் கிட்டார் வேண்டுமென்றால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். ஷோரூமில் தொங்குவது அபூர்வம், ஆர்டர் போட வேண்டியிருக்கும்.

ஆம்ப்: வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

20 வாட் ஆம்ப் 10 வாட்டைவிட இருமடங்கு சத்தம் தராது. வாட் இருமடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு 10 வாட்டே தாராளம். பெரிய ஆம்ப் வாங்கினால் வால்யூமை ஒன்றுக்கு மேல் திருப்பவே முடியாது. பல ஆம்ப்புகள் அந்த நிலையில் உயிரில்லாமல் ஒலிக்கும்.

வாட்டைவிட ஸ்பீக்கரின் அளவைப் பாருங்கள். 6 அங்குல ஸ்பீக்கரில் தடித்த கம்பிகள் சற்று மெலிந்து கேட்கும், 8 அங்குலத்தில் உடம்பு வரும். ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி (10 வாட், 6 அங்குலம்), ஆரஞ்ச் க்ரஷ் 12 (12 வாட், 6 அங்குலம்), வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10 (10 வாட், 6.5 அங்குலம்), மார்ஷல் எம்ஜி10 ஆகியவை எளிய ஆம்ப்புகள்: நான்கைந்து குமிழ், ஒரு டிஸ்டார்ஷன் சுவிட்ச், அவ்வளவுதான். தொடங்குபவருக்கு அந்த எளிமை பெரிய வரம். பாஸ் கட்டானா மினி 7 வாட், 4 அங்குலம். ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகலாம். அதற்கு அடாப்டர் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். பட்ஜெட் நீளுமானால் ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 போன்ற மாடலிங் ஆம்ப்பில் பல ஆம்ப்புகளின் குரலும் எஃபெக்டுகளும் ஒரே பெட்டியில் வரும், 8 அங்குல ஸ்பீக்கரோடு. பழைய ரேடியோபோல் கண்ணாடி வால்வில் ஓடும் வால்வ் ஆம்ப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விலையும் பராமரிப்பும் கூடுதல். தவிர, அதன் அழகு திறந்த வால்யூமில்தான் வெளிப்படும்.

கடையில் ஆம்ப்பைச் சோதிக்கும்போது நீங்கள் எடுக்கப் போகும் கிட்டாரையே மாட்டுங்கள். பாஸ், ட்ரெபிள் போன்ற ஈக்யூ குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள், டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழைக் குறைத்து, டிஸ்டார்ஷன் கலக்காத க்ளீன் ஒலியில் முதலில் கேளுங்கள். வால்யூமைப் பேச்சுக்குரல் அளவுக்கு இறக்குங்கள். அந்தச் சத்தத்திலும் ஒவ்வொரு கம்பியும் பிரிந்து கேட்கிறதா? டிஸ்டார்ஷன் எந்த ஆம்ப்பையும் ஐந்து நிமிஷத்துக்கு அழகாகக் காட்டும். குறை தெரிவது க்ளீனில்தான்.

ஹெட்ஃபோன் துளை கட்டாயம் வேண்டும். சென்னையில் இரவு ஒன்பதுக்குமேல் வாசிக்க வேறு வழியில்லை. ஒயர் உள்ள ஹெட்ஃபோனையே பயன்படுத்துங்கள். ப்ளூடூத்தில் மீட்டியது சற்றுத் தாமதித்துக் காதுக்கு வரும், அந்தத் தாமதத்தில் தாளம் பழகவே முடியாது. பாட்டோடு சேர்ந்து வாசிக்க, போனை இணைக்கும் ஆக்ஸ் துளையும் இருந்தால் நல்லது. ஃப்ரன்ட்மேனில் இருக்கிறது, க்ரஷ் 12இல் இல்லை.

வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரிலேயே மாட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கிட்டார் பிக்கப்பின் சிக்னல் பலவீனமானது, ஏறக்குறைய ஒரு மெகாஓம் இன்புட்டை எதிர்பார்ப்பது. ஸ்டீரியோவில் நேராகச் சொருகினால் ஒலி மழுங்கிப்போகும், சத்தமும் வராது. ஆம்ப்பே வைக்க இடமில்லாதவர்கள் வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி கிட்டாரிலேயே சொருகும் ஹெட்ஃபோன் ஆம்ப்பையோ, ஹெட்ஃபோன் துளையுள்ள மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டியையோ எடுக்கலாம். ஆனாலும் காற்றில் ஒலி அதிர்ந்து அறையை நிறைப்பதைக் கேட்பது வேறு சுகம்; இடமிருந்தால் சின்ன ஆம்ப்பையே வாங்குங்கள்.

மின்சாரம்: அலட்சியம் கூடாத இடம்

அமெரிக்காவிலிருந்து வரும் மாமாவோ அத்தையோ ஆம்ப் வாங்கி வருகிறேன் என்றால், பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய நொடியில் ஃப்யூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். ஸ்டெப்‑டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் அதன் விலை, எடை, பிக்கப்பில் அது ஏற்றும் இரைச்சல் எல்லாம் சேர்த்தால் இங்கேயே வாங்குவது மேல். கிட்டாரை அங்கிருந்து கொண்டுவரலாம், தடையில்லை. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும் ஆம்ப்புக்கு ப்ளக் மாற்றினால் போதும்.

மூன்று முனை ப்ளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள், இரண்டு முனைக் கன்வெர்ட்டரும் வேண்டாம். பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் அது உங்கள் விரலுக்குத்தான் வரும். பழைய வீடுகளில் மூன்று துளை இருந்தும் எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். ஆம்ப்பைப் போட்டுக் கம்பியில் டெஸ்டரை வையுங்கள். விளக்கு எரிந்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆம்ப் திடீரென்று கடுமையாக இரைந்தால் ஆம்ப் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தின் குணம் அது. ஃபேன் ரெகுலேட்டரால் வரும் இரைச்சலுக்கு ஃபேனை முழு வேகத்தில் வைத்தோ நிறுத்தியோ பார்த்தால் விடை தெரியும். கிட்டாரோடு நீங்களே அறையில் மெல்லத் திரும்பிப் பாருங்கள். சிங்கிள் காயிலின் இரைச்சல் சில திசைகளில் வெகுவாகக் குறையும். அங்கேதான் நாற்காலி.

சில்லறைச் சாமான்கள்

கேபிள் 3 மீட்டர், 6.35 மி.மீ. மோனோ ஜாக், ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றிய உலோக உறை) உள்ளது. ஸ்பீக்கர் ஒயரில் ஜாக் வைத்துத் தருவதை வாங்காதீர்கள், ஷீல்டு இல்லாததால் வானொலிப் பெட்டிபோல் எல்லாவற்றையும் பிடிக்கும். ரிச்சி தெருவில் நல்ல ஜாக்கும் ஷீல்டு ஒயரும் வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளத் தெரிந்தால் காசு மிச்சம். கரகரக்கும் குமிழ்களுக்கான கான்டாக்ட் க்ளீனர், ஹெட்ஃபோனுக்கான 3.5 – 6.35 மி.மீ. கன்வெர்ட்டர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். டியூனரைக் கிளிப் வகையாக வாங்குங்கள். போன் ஆப் பக்கத்து அறை டி.வி.யையும் சேர்த்துக் கேட்கும். பிக் 0.7 மி.மீ. அளவில் இரண்டு மூன்று.

பழைய கிட்டார் வாங்கலாமா

வாங்கலாம்; சென்னையில் வேலை மாறிப் போகிறவர்கள் நல்ல கிட்டார்களை விற்றுவிட்டுப் போகிறார்கள். மேலே சொன்ன சோதனைகளோடு இன்னும் மூன்று. தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, குறிப்பாக லெஸ் பால் வகையில்? முதல் ஐந்து ஃப்ரெட்டில் கம்பி அறுத்த பள்ளங்கள் எவ்வளவு ஆழம்? ட்ரஸ் ராட் திருகு திரும்புகிறதா? கடைசிக் கேள்விக்கு விற்பவர் முகம் சுளித்தால் விலகிவிடுங்கள். பெரிய பிராண்டின் பெயரும் நம்பமுடியாத விலையும் சேர்ந்து வந்தால் அது போலி என்றே கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் தினமும் சுருதி பாருங்கள். மரம் புது இடத்துக்குப் பழக, கழுத்து சற்று அசையும். இரண்டு வாரம் கழித்துக் கழுத்தின் குழிவை அளந்துவிடலாம்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் தடித்த கம்பியை அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, ஏறக்குறைய 0.25 மி.மீ., இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை வலஞ்சுழியாக, குறைவாக இருந்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். திருப்பிவிட்டுச் சுருதி சேர்த்து, மறுநாள் அளந்துவிட்டுத்தான் அடுத்தது. திருகு முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சென்னைக் கிட்டாரின் பெரிய எதிரி காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடலுப்புக் காற்றில் மெல்லிய கம்பிகள் வாரங்களில் துருப்பிடிக்கும். நகர் முழுவதுமே வியர்வை வேறு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், ஒரு நிமிஷம்தான். பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். மழை மாதங்களில் அவற்றை மாற்றுங்கள். பூச்சு பூசிய கம்பிகள் விலை கூடுதல், ஆனால் கடலோரத்தில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும். வெளிச்சுவரில் கிட்டாரை மாட்டாதீர்கள்; ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் ஈரம் குடிக்கும். ஏ.சி. காற்று நேராக விழும் இடமும் வேண்டாம். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் பசை இளகிக் கழுத்தே நகரக்கூடும். பத்து நிமிஷ வேலைக்கு இறங்கினாலும் தோளில் மாட்டிக்கொண்டே இறங்குங்கள்.

கம்பி கறுத்து, தொட்டால் சொரசொரத்து, சுருதி பிடிக்க மறுத்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தினமும் அரை மணி வாசிப்பவருக்கு இங்கே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு செட் ஆகும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள், ஆறையும் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டாம். ஆணியில் இரண்டு மூன்று சுற்று போதும், சுற்று ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். ஏற்கெனவே இருந்த அதே தடிமனை மாட்டுங்கள், 0.009 இருந்த இடத்தில் 0.010 போட்டால் இழுவிசை கூடிக் கழுத்து முன்னால் வளையும், ட்ரெமோலோ எழும்பும், மேலே சொன்ன செட்டப் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். பழைய கம்பி உறையைக் கிட்டார் பையிலேயே போட்டு வைத்தால் அடுத்த முறை கடையில் அளவு தேடி நிற்க வேண்டாம்.